தட்டு காலியானால்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் வாண்டும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் பிள்ளை மடியில் ஏறிக்கொள்கிறான், அவன் காதுபட இதைச் சொல்ல முடியாது. அதனால் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் தருகிறேன், ஆபீஸிலிருந்து படமெடுத்து அனுப்புவார். போன் உடைந்துவிட்டது என்று நாலு நாள் முன்னால் அங்கிருந்துதான் அவர் செய்தி அனுப்பினாரே, அது பொய். சொல்லச் சொன்னது நான்தான். போன் அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது.

வாண்டுக்கு எடை ஏறவில்லை என்று டாக்டரம்மா ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். எனக்கு இவர்கள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் வேலை, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வேலை, கெஞ்சாதீர்கள், மிரட்டாதீர்கள், கூட உட்கார்ந்து அதையே நீங்களும் சாப்பிடுங்கள் என்றார். இதற்கு ஒரு படிப்பா என்று நினைத்தேன். பிறகு அவன் எப்படிச் சாப்பிடுவான் என்று கேட்டார். இரண்டு வேளையும் அம்மா போனில் வருவாள், தட்டைக் காலி பண்ணினால்தான் போனை வைப்பேன் என்பாள், ஒன்றரை மணி நேரம் கன்னத்திலேயே அடக்கி வைத்திருப்பான் என்றேன். காலியானதும் என்ன நடக்கும் என்று கேட்டார். அவள் வேலைக்குப் போய்விடுவாள் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். நீ அங்கே வேலைக்குப் போனதிலிருந்து ஏழு மாதமாக அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். பிடிவாதம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு டைலரம்மா செல்லம் ஜாஸ்தி என்றார், அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் போனை ஒளித்துவைத்தேன். முதல் நாள் ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டான். அப்பா ஸ்பூனை ஏரோப்ளேனாக்கக் கிளம்பினார், மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்து உட்காரவைத்தேன். இரண்டாம் நாள் முட்டை கேட்டான். நேற்று சோறும் முட்டையும் பாதி கேரட்டும் இருபதே நிமிஷத்தில் உள்ளே போயிற்று. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று தட்டையும் கழுவிக்கொண்டிருந்தேன். வாண்டு பின்னால் வந்து நின்று, நான் எல்லாத்தையும் சாப்டுட்டேன், அதான் அம்மா இனிமே வரமாட்டாளா என்று கேட்டான். குழாயை மூடினேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் இனி அழைக்காதே. உனக்குக் கிடைக்கிற இடைவேளையே அதுதான், அதைத்தான் பறிக்கிறேன் என்பது தெரியாமல் இல்லை. மேலாளரிடம் வேறு நேரம் கேட்டுப் பார். எந்த நேரமானாலும் அவனை உட்காரவைக்கிறேன். படம் வரைவான், பார். என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்காதே.

இருவரும் எந்தக் குறையுமில்லாமல் நன்றாயிருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. பேச்சை முடிக்கும்போது, அம்மாவுக்கு வேலைக்கு நேரமாச்சு, நாளைக்கு வருவேன் என்று நீயே சொல்லிவிட்டு வை. நீ போவதற்கு அவன் சாப்பிட்டது காரணமில்லை என்று அவனுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா