நிப்பாட்டுகிற பொத்தான்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் இப்போது தானே காப்பி போட்டுக்கொள்கிறான். சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறான். கேட்டால், உன் மதினி இப்படித்தான் போடுவாள் என்று கூசாமல் பொய் சொல்கிறான். அரைக் கரண்டிக்கு மேல் நீங்கள் அவனுக்குப் போட்டதில்லை என்பது எனக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடத்துச் சேதிதான் முக்கியம். உங்கள் ஐந்தாம் வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளோடு அந்த ஸ்மார்ட் போர்டும் என் தலையில் வந்து விழுந்தது.

நீங்கள் அதை வைத்துப் பாடம் நடத்தின அழகை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! ரெண்டு நிமிஷம் படம் ஓடும், நிப்பாட்டிவிடுவீர்கள். அடுத்து என்ன நடக்கும், இதை நம் ஊரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பீர்கள். பத்து நிமிஷப் படத்துக்கு ஒரு பீரியடே போய்விடும். மதினி படத்துக்கு நடுவே விளம்பரம் போடுகிறாள் என்று சொல்லி ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள். ஒரே ஒரு நாள் மட்டும் சொன்னீர்கள்.

“ஏட்டி கனி, படம் அது பாட்டுக்கு ஓடுனா, பிள்ளைக அதுக பாட்டுக்கு உக்காந்திருக்குங்க. கேட்டுக்கிட்டே போகணும்.”

நான் கேட்டேனா? வகுப்பு என் கைக்கு வந்ததும் முழுப் படத்தையும் நிற்காமல் ஓட்டினேன். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அடேயப்பா, நம் சாமர்த்தியமே சாமர்த்தியம் என்று எனக்கு ஒரே பெருமை.

விவசாயப் பாடம் வந்தது. நல்ல படமாகத் தேடி இறக்கிவைத்தேன். வாய்க்கால், மதகு, நாற்று நடவு, எல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தது. மறுநாள் ‘எங்கள் ஊர் விவசாயம்’ என்று பத்து வரி எழுதச் சொன்னேன். திருத்த உட்கார்ந்தால், மதினி, நம் ஊரில் ஆறு ஓடுகிறது. மதகைத் திறந்துவிடுகிறார்கள், முழங்கால் சேற்றில் நாற்று நடுகிறார்கள். நாகலாபுரத்துக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறவர்களின் பிள்ளைகள் எழுதினது இது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

மகாலட்சுமியின் நோட்டு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்பிலேயே கேள்வி கேட்டுக்கொண்டு உங்கள் பின்னால் திரிவாளே, அவள்தான். முதலில் சரியாகத்தான் எழுதியிருந்தாள்: ‘எங்கள் ஊரில் ஆறு இல்லை. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவோம்.’ அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே அவளும் மதகைத் திறந்துவைத்திருந்தாள்.

ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

“நான் எழுதுனது தப்பு டீச்சர். போர்டுல வாரதுதான சரி” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவோடு புஞ்சைக்குப் போய் வருகிற பிள்ளை, தன் கண்ணால் பார்த்ததைத் தப்பு என்கிறாள். அப்படிச் சொல்ல வைத்தது போர்டா, நானா?

பள்ளிக்கூடம் விட்ட பிறகு உங்கள் மேசையில் உட்கார்ந்து அழுதேன். டிராயரில் உங்கள் ரிமோட் கிடந்தது, பேட்டரி மூடிக்கு ரப்பர் பேண்டு போட்டபடி. நான் அதைத் தொட்டதே இல்லை. லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டி ஓடவிடுகிறவள்தானே. எடுத்துப் பார்த்தேன். மற்ற பொத்தானெல்லாம் புதுசாக இருந்தது. நிப்பாட்டுகிற பொத்தானில் மட்டும் அடையாளமே அழிந்து மழுமழுவென்று ஆகியிருந்தது.

அடுத்த வாரம் ஊரில் விதைப்பு. உன் அப்பா போனில் அதைப் படம் எடுத்து வா என்று மகாலட்சுமியிடம் சொன்னேன். எடுத்து வந்தாள். கை ஆடி ஆடிப் பாதி வானம்தான் தெரிந்தது. இருக்கட்டும் என்று அதையே போர்டில் போட்டு, ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். டிராக்டருக்குப் பின்னால் அவள் அம்மா விதை போடுகிற இடத்தில் நிப்பாட்டினாள். உங்களை மாதிரியே வகுப்பைப் பார்த்து, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டாள்.

“காட்டுப்பன்னி வரும்” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. அப்புறம் விதையைக் கொத்த மயில் வரும், மழை தப்பினால் மறுபடி விதைக்கணும் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கரும்பலகையில் எழுதி எனக்கு மாளவில்லை.

நேற்று அந்த நாற்று நடவுப் படத்தை மறுபடி போட்டேன். வேண்டுமென்றே நிப்பாட்டாமல் விட்டேன். மதகு திறந்தது. யாராவது கேட்பார்களா என்று பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், மதினி. தண்ணீர் பாதி வயலுக்குப் போவதற்குள் மகாலட்சுமி எழுந்துவிட்டாள்.

“நிப்பாட்டுங்க டீச்சர். இது நம்ம ஊரு இல்ல. அங்கன நெல்லுக்கு எதுக்கு அம்புட்டுத் தண்ணி? இங்கன நம்ம மக்காச்சோளம் அது இல்லாமலே வருதே?”

எனக்குப் பாதிப் பதில்தான் தெரியும். அதை அவளிடமே சொல்லிவிட்டேன். மீதியை நாளைக்கு வகுப்போடு சேர்ந்து தேடப்போகிறோம். படம் அதற்கும் உதவும்.

ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. ரப்பர் பேண்டு உங்களுடையதுதான், மாற்றவில்லை. இனி என் வகுப்பில் விளம்பரம் இல்லாமல் ஒரு படமும் ஓடாது, மதினி. இது சத்தியம்.

உங்களைக் கேலி செய்த அதே நாத்தனார்,
கனி