கொள்ளுத்தாத்தாவைத் தோண்டி எடுத்த கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்கும் பெரிய குறையில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அப்பா, அவ்வளவுதான். போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் உன்னோடு போனில் பேச ஆரம்பித்ததும் பக்கத்து அறையில் பேப்பர் புரட்டும் சத்தம் நின்றுவிடுகிறது. உன் கல்யாணத்திலிருந்து உன்னோடு பேசமாட்டாராம், ஆனால் நாம் பேசுவது ஒன்று விடாமல் காதில் விழ வேண்டுமாம். இந்த விஷயம் முழுக்க அவரைப் பற்றியது, அதனால்தான் கடிதம்.

கணக்குத் தணிக்கை வேலையிலிருந்து ரிட்டயரான நாளிலிருந்து எதைத் தணிக்கை செய்வது என்று தெரியாமல் என் அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உன் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நம்ம குடும்பம் எங்கேருந்துப்பா ஆரம்பிச்சுது?" என்று கேட்டுத் தொலைத்தான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். நூலகத்தில் போய் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகளை எல்லாம் பிரதி எடுத்து வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜை முழுக்கச் செத்தவர்கள். தட்டு வைக்க இடம் கேட்டால், "கொஞ்சம் பொறு, இவரு நம்ம சித்தப்பா வழியான்னு பாத்துக்கறேன்" என்பார். சாப்பிடும்போதும் உரக்கப் படிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஊரில் கெட்டவன் எவனும் செத்ததே இல்லை. கஞ்சன் இல்லை, கோபக்காரன் இல்லை, மாமியாரை அழவைத்தவள் ஒருத்திகூட இல்லை. எல்லோரும் பழகுவதற்கு இனியவர்கள், எல்லோரும் அமைதியாகத்தான் போயிருக்கிறார்கள். அப்படியானால் உயிரோடு இருப்பவர்கள் எல்லாம் எந்த வம்சம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குவியலில் அகப்பட்டவர்தான் அவருடைய கொள்ளுத்தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தாராம், அன்பு மக்கள் சூழ உயிர் துறந்தாராம். போதுமே உன் அப்பாவுக்கு. நடையே மாறிவிட்டது. முடிவெட்டுகிறவரிடம் போய், "ஜட்ஜே எங்க கொள்ளுத்தாத்தாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் தீர்ப்பு எழுதுவார்" என்று அளந்திருக்கிறார். அது எந்தப் பத்திரிகையிலும் இல்லை, கத்தரிச் சத்தத்தில் பிறந்த சரித்திரம். பிறகு ஒரு பெரிய சார்ட் வாங்கி வந்து சுவரில் ஒட்டி வம்சம் வரைந்தார். மேலே கொள்ளுத்தாத்தா மந்திரி மாதிரி. கீழே உன் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், எல்லோருக்கும் மையில் கட்டம். உனக்கும் ஒரு கட்டம் உண்டு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் யாருமில்லை, கீழேயும் யாருமில்லை. ஏன் என்று கேட்டேன். "விவரம் போதல" என்றார். பேத்தியின் போட்டோ என் போனில் இருப்பதும், நான் குளிக்கப் போனால் அந்தப் போன் இடம் மாறியிருப்பதும் எனக்குத் தெரியாதாக்கும்.

அடுத்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றார். முழங்காலை நம்பித் தனியே அனுப்ப முடியுமா, நானும் போனேன். புதர் மண்டிக் கிடக்கிற இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையும் பக்கத்தில் ஒன்றும் மட்டும் சுத்தமாக இருந்தன. அப்பாவுக்குப் பூரிப்பு, பெரிய மனிதர் என்பதால் புல்கூட மரியாதை கொடுக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. காவலாளிதான், "தையல்கடை அம்மா ஒருத்தங்க வந்து களை புடுங்கிட்டுப் போவாங்க" என்றார். பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அடக்கத்துக்கு வந்த உறவினர் என்ற இடத்தில் ஒரே ஒரு ஆள்தான், அதுவும் உறவு இல்லை, வீட்டு வேலைக்காரி. மக்கள் சூழ என்றார்களே, அந்த மக்கள் எங்கே என்று கேட்டேன். "எழுதினவன் ஏதோ தப்பா எழுதியிருக்கான்" என்றார். தணிக்கைக்காரருக்குப் பிடிக்காத கணக்கு என்றால் எழுதினவன் மேல்தான் தப்பு.

விட்டாரா? ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து உயில்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார், அவர்களும் தேடி எடுத்து வைத்துவிட்டார்கள். இருவரும் போனோம். நீளமான அறை, ஒரு மின்விசிறி, தும்முகிறவர்களை முறைப்பதற்கென்றே ஓர் அதிகாரி. உன் அப்பா பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் கையெழுத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார், நான் கேட்டுப் பெருமைப்பட வேண்டுமல்லவா. "வீடு முழுவதும் கடைசிவரை என்னைக் கவனித்த வேலைக்காரிக்கு" என்றார். குரல் இறங்கியது. "என் சொல்லைக் கேட்காமல் தங்கள் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட என் இரண்டு பிள்ளைகளும் எனக்கு இறந்தவர்கள்..." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். அந்த இரண்டு பிள்ளைகளில் இளையவரின் மகனுக்குப் பிறந்தவர்தான் உன் அப்பா. சொல்லைக் கேட்காத கல்யாணத்திலிருந்துதான் நாம் அத்தனை பேரும் வந்திருக்கிறோம், நம் வம்சமே அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. மரண அறிவிப்பைக் கொடுத்தவர்களும் அந்தப் பிள்ளைகள்தான் போலிருக்கிறது, ஊர் வாயை அடைக்க. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

திரும்பும் வழியில் தையல்கடை அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றார். கடை என்றால் இரண்டு மிஷின், ஒரு கண்ணாடி, மாட்டியிருக்கும் பள்ளிக்கூடச் சட்டைகள். வாயில் குண்டூசியோடு நிமிர்ந்து பார்த்தவள், நாங்கள் யார் என்று சொன்னதும் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, "வீட்டைக் கேக்கவா வந்திருக்கீங்க? அதை எங்க தாத்தா எப்பவோ குடிச்சுத் தீத்துட்டாரு" என்றாள். அந்த வேலைக்காரிக்கு இவள் கொள்ளுப்பேத்தி. கல்லறையைச் சுத்தம் செய்வது நன்றிக்கடனா என்று உன் அப்பா நெகிழ்ந்துபோய்க் கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க, பக்கத்துல எங்கம்மா இருக்காங்க, உங்க ஆளோட களை இந்தப் பக்கம் வருது" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு அவளே சொன்னாள், அவர்கள் வீட்டில் வழிவழியாக வந்த பேச்சாம். கிழவர் லேசுப்பட்ட ஆள் இல்லையாம். தினமும் தபால்காரர் போனாரா என்று மட்டும் கேட்பாராம். "பிள்ளைங்களுக்கு நான் சொல்லி அனுப்பட்டுமாய்யான்னு எங்க கொள்ளுப்பாட்டி ஒருநாள் கேட்டாங்களாம். கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சாராம். முதல்ல அவனுங்க எழுதட்டும்னாராம். அவனுங்களும் இவரு எழுதட்டும்னு இருந்திருப்பானுங்க. அப்படியே போய்ச் சேந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, உன் அப்பாவின் சட்டையைப் பார்த்து, "காலர் பிஞ்சிருக்கே, கழட்டுங்க, தெச்சுத் தரேன்" என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தார் கோர்ட்டுத் தலைமை எழுத்தரின் வாரிசு. பஸ்ஸில் ஏறினோம். கண்ணைத் துடைத்தார், தூசி என்றார். அந்த பஸ்ஸில் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது.

மறுநாள் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "அவ வீட்டுக்காரரோட அப்பா என்ன வேலை பாத்தாராம்? சார்ட்டுல எழுதணும்" என்றார். கவனித்தாயா, இத்தனை வருஷமாக 'அந்த ஆளு' என்றிருந்தது 'வீட்டுக்காரர்' ஆகிவிட்டது. எனக்கு அத்தனையும் தெரியும், சம்பந்தியம்மாவின் ரத்த அழுத்தம்வரை தெரியும். ஆனாலும், "எனக்கெப்படித் தெரியும், உங்க பொண்ணையே கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் உன் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், கீழே சின்னதாக இன்னொன்று. பென்சிலில்தான். சான்று வராமல் மையில் எழுதினால் அவர் தணிக்கைக்காரரா?

ஆகவே கண்ணு, நீ அவருக்கு எழுது. மன்னிப்பு, பாசம், கண்ணீர் என்று எதையும் கலக்காதே, மனிதர் மிரண்டு ஓடிவிடுவார். வெறும் விவரம் போதும், அலுவலகத்துக்கு எழுதுவதுபோல எழுது, குட்டி பிறந்த தேதி, மாப்பிள்ளை வீட்டார் விவரம், முடிந்தால் அவர்கள் பக்கம் செத்துப்போனவர்கள் ஒன்றிரண்டு பேர், அது கிடைத்தால் சந்தோஷப்படுவார். முதலில் அவர் எழுதட்டும் என்று மட்டும் அங்கே உட்கார்ந்துகொண்டிருக்காதே. நீயும் அந்த ரத்தம்தான், எனக்குத் தெரியாதா? அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்க என்னால் இனி ஆகாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல், குட்டியை வெறுங்காலோடு ஈரத்தில் விடாதே. மறக்காமல் உறையின் மேல் உன் அப்பா பெயரை எழுது. என் பெயருக்கு வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

என்றும் உன்,
அம்மா