ஏழாம் பாகம் தெரு முனையில்

மார்ச் 3

மாமனார் இன்றும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, தையலும் பிரித்தாயிற்று. வாக்கர் சுவரோரம் துண்டு காயப்போடத்தான் உதவுகிறது. பிசியோ பெண் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அக்கா, இந்த மாசத்துக்குள்ள நடக்கலேன்னா அப்புறம் கட்டில்தான். சொல்லிட்டேன்."

அவரிடம் சொன்னேன். "நடந்து எங்க போகப்போறேன்?" என்றார். அத்தை போனதிலிருந்து எதற்கும் இப்படித்தான் பதில். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

மார்ச் 6

கட்டிலுக்கடியில் பெருக்கும்போது வீட்டுக்காரரின் பள்ளிக்கூடக் காலத்து அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு ஜப்பானிய மங்கா, இங்கிலீஷில், முதல் ஆறு பாகம். பொழுதாவது போகட்டுமே என்று ஒன்றை எடுத்து மாமாவின் மடியில் போட்டேன். "படக்கதையா? என்னைச் சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?" என்று தள்ளிவிட்டார். போங்கள் என்று விட்டுவிட்டுக் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பினேன்.

மார்ச் 7

படித்திருக்கிறார்! ஆனால் அப்படி ஒரு கோபம். "கூறுகெட்ட கதை. எரிஞ்ச வண்டி அடுத்த பக்கத்துல முழுசா நிக்குது. மலையிலேருந்து விழுந்தவன் மேல நின்னு பேசிட்டிருக்கான். எவன்மா இதை வரைஞ்சான்?"

வீட்டுக்காரர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் புத்தகம் வலமிருந்து இடமாக ஓடுமாம். நாம் கடைசி அட்டை என்று நினைப்பதுதான் முதல் அட்டை. இவர் முடிவில் தொடங்கி ஆரம்பம் வரை, ஒரு பக்கம் விடாமல் வந்திருக்கிறார்.

"குடு இப்படி," என்று பிடுங்கிக்கொண்டார் மாமா.

மார்ச் 10

இரண்டாம் பாகம். எழுத்து பொடியாம், மூக்கில் ஒட்டிவைத்துப் படிக்கிறார். கடையில் லென்ஸ் தேய்க்கும்போதே அவருக்கும் ஒரு ஜோடி தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொண்டுவந்தேன். போட்டுப் பார்த்ததும், "அடேயப்பா, இவனுக்கு மீசை இருக்கா!"

மார்ச் 15

சாப்பிடும்போது எனக்குக் கதை சொல்கிறார். ஒரு நதி எங்கே பிறக்கிறது என்று தேடிக் கிளம்பிய கும்பல். தலைவி வாய்த்துடுக்கான சின்னப் பெண். ருசியே தெரியாத ஒரு சமையல்காரன். கயிறு சுமக்கிற மலைபோன்ற ஒருவன், எதற்கெடுத்தாலும் அழுவான். வரைகிறவர் முப்பது வருஷமாக வரைகிறாராம். நதி இன்னும் கிடைத்தபாடில்லை.

"அப்படி என்ன மாமா இருக்கு இதுல?"

கொஞ்சம் யோசித்தார். "யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேங்கிறாங்கம்மா. கால் ஒடிஞ்சவனைக்கூடத் திட்டித் திட்டிக் கூட்டிட்டுப் போறாங்க."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 19

ஆறாம் பாகம் முடிந்தது. அழுமூஞ்சி பாறை விளிம்பில் தொங்குகிறான், கயிறு நூல் நூலாகப் பிரிகிறது — தொடரும்.

"ஏழு எங்கம்மா?"

வீட்டில் இல்லை. தெரு முனையில், வாடகைக்குப் புத்தகம் தரும் கடையில் ஒரு சுவர் முழுக்க அந்தத் தொடர்தான். தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறேன். வாங்கி வருகிறேன் என்று வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். "கடை தெரு முனையிலதான் இருக்கு மாமா. நடந்து போய் எடுத்துக்கோங்க."

மார்ச் 20

மாமா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வீட்டுக்காரர், "கல்நெஞ்சுக்காரி! நானே வாங்கிட்டு வரேன்" என்றார். "வாங்கிட்டு வந்தீங்க, நடக்கிறதே வேற!" என்று கத்திவிட்டேன்.

சரியாத்தான் செஞ்சேனா? மறுபடி விழுந்து வெச்சா? ஐயோ, நான் என்ன ராட்சசியா?

மார்ச் 21

வாக்கரில் கிடந்த துண்டு தரையில் கிடக்கிறது.

மார்ச் 22

கட்டிலிலிருந்து ஜன்னல் வரை! பிசியோ பெண் கைதட்டினாள். மாமா அவளிடம் மூச்சு வாங்கிக்கொண்டே, "கயித்துல தொங்கிட்டிருக்காம்மா அவன். எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார். அவள் திருதிருவென்று என்னைப் பார்த்தாள்.

மார்ச் 26

வாசல் வரை. படியில் உட்கார்ந்து, வியர்க்க விறுவிறுக்க என்னைத் திட்டினார், கடைக்காரரைத் திட்டினார், வரைந்தவரையும் விடவில்லை. என்ன குரல்! இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மார்ச் 29, ஞாயிறு

நடந்துட்டார்! நடந்துட்டார்!

வாக்கரோடு அவர் முன்னால், நான் பின்னால். பக்கத்தில் போனால் விரட்டுகிறார். மருந்துக்கடை, சைக்கிள் கடை, நிற்கிறார், மறுபடி ஓர் அடி. கடைக்காரர் ஓடிவந்து ஸ்டூல் போட்டார். "உட்கார நேரமில்ல தம்பி. ஏழாம் பாகம்." நின்றபடியே, வாக்கர்மேல் புத்தகத்தை விரித்து, சரியான பக்கத்திலிருந்து புரட்டினார்.

"பிடிச்சுட்டாங்க! அழுமூஞ்சியைப் பிடிச்சுட்டாங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. வெட்கமா? மண்ணாங்கட்டி. நானும் சேர்ந்து கத்தினேன்.

ஏப்ரல் 18

வாக்கரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கைத்தடி மட்டும்தான். பிசியோ பெண் முதல் பாகத்தை இரவல் கேட்டாள். மாமா, "எந்தப் பக்கம் திறக்கணும்னு தெரியுமா?" என்று பாடம் எடுத்தார். பெரிய மனுஷர்!

ஏப்ரல் 24

யாருக்கும் தெரியாமல் நானும் படித்துக்கொண்டிருந்தேன், கடையில் சாப்பாட்டு நேரத்தில். இன்று ஆறு முடிந்தது. அவனைப் பிடித்துவிடுவார்கள் என்று தெரியும். எப்படிப் பிடித்தார்கள் என்று பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை.

மாலையில் மாமா புத்தகக் கடைக்குக் கிளம்பினார். "வரும்போது எனக்கு ஏழு எடுத்துட்டு வாங்க மாமா. நாள் பூரா நின்னு கால் கடுக்குது."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கடை தெரு முனையிலதான் இருக்கும்மா. நடந்து போய் எடுத்துக்கோ."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் கடை வரைக்கும் அவரைப் பிடிக்க முடியவில்லை.