ஆய்வேட்டுக்குள் இருக்கும் விண்ணப்பம்

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மகள் சாப்பிடுகிறாளா?

போன வாரம் இங்கே கல்லூரிக் குடியிருப்பில் என் குளியலறைக் குழாய் உடைந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, குழாயைச் சரிசெய்வது எப்படி என்று வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பழுதுபார்க்க வந்தவளுக்கு நம் மகள் வயதுதான்.

"படிச்சது போதும் மேடம், கொஞ்சம் தள்ளுங்க" என்று சிரித்தாள். பத்தே நிமிடத்தில் சரிசெய்தாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"தொழிற்பயிற்சி நிலையத்துல. அம்மாதான் கையோட கூட்டிட்டுப்போய் சேத்துவிட்டாங்க."

மூன்று வருடம் முன்பு மகளின் வெல்டிங் பயிற்சி விண்ணப்பத்தை வீடு முழுக்கத் தேடினீர்களே, அது தொலையவில்லை. கடைசித் தேதி கடக்கட்டும் என்று நான்தான் ஒளித்துவைத்தேன். கவனமில்லாதவள் என்று அவளைத் திட்டியதும் நான்தான். பட்டம் பெரிதா, தொழில் பெரிதா என்று எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாமலேதான் அவளைக் கல்லூரிக்கு அனுப்பினேன். பாதியில் விட்டுவந்து அறைக்குள் முடங்கிக் கிடக்கிறாள்.

விண்ணப்பம் பீரோ மேல்தட்டில், என் ஆய்வேட்டுக்குள் இருக்கிறது. அவளிடம் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் கூப்பிட்டால் அவள் ஃபோனை எடுப்பதில்லை. என் பழைய மூக்குக்கண்ணாடியும் அங்கேதான் இருக்கும், அனுப்பிவையுங்கள்.

வகுப்பெடுக்க நேரமாகிவிட்டது. அவள் என்னைத் திட்டினால், ஒரு சொல் விடாமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி