மலிவு ரோலில் பத்து நாள்

பிப்ரவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா பிடிக்க இப்போதுதான் விரல்கள் ஒத்துழைக்கின்றன. நாம் இரண்டு பேரும் இதுவரை ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதியதில்லை. முதல் கடிதத்திலேயே உதவி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு பத்து நாள் நான் நினைவில்லாமல் கிடந்தது உனக்குத் தெரியும். பதினோராம் நாள் கண் விழித்தால், பக்கத்தில் ஒரு பெண் குழந்தை, உலகமே பழகிப்போனவள் மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முதல் பத்து நாள் எனக்குத் தெரியாது. பெற்றவள் நான், பார்த்தவர்கள் யார் யாரோ.

உன்னிடம் வாங்கிவந்த கேமராவில் உன் அண்ணன் தினமும் மூன்று படம் எடுத்திருக்கிறார். நான் விழித்த அன்று மீதியிருந்த நாலையும் அவளை எடுத்தே முடித்துவிட்டார். "நீ எழுந்ததும் பாக்கணும்னுதான் எடுத்தேன்" என்கிறார். இங்குள்ள கடையில், "இந்த மலிவு பிலிமையெல்லாம் எங்க மெஷின்ல விட மாட்டோம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். நீ பிலிம் கம்பெனியிலேயே சோதனை பார்ப்பவள். ரோலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கழுவிக் கொடுத்தால் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

அன்புடன்,
அண்ணி

---

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுந்து உட்கார்ந்து எனக்கு எழுதியதே பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு இந்தக் கடிதத்தை முடித்துவிட ஆசை. முடியவில்லை.

எங்களுடையது பெரிய கம்பெனிகள் கழித்துப்போட்ட நீளச் சுருளை வாங்கி, வெட்டி, டப்பியில் அடைத்து விற்கும் பிலிம். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு குணம். அதனால் இருட்டில் நுனியில் ஒரு சாண் வெட்டி, அதை மட்டும் முதலில் கழுவிப் பார்ப்போம். பார்த்தேன். உங்கள் மகள் இருந்தாள். அவள் நெற்றிமேல், சோதனைக்காக நான் சிலேட்டில் எழுதிப் பிடிக்கும் எண்ணும் லேசாக இருந்தது.

அண்ணி, அது நான் ஏற்கெனவே சோதனைக்கு எடுத்து முடித்த ரோல். அதன்மேலேயே குழந்தையின் படங்களும் விழுந்திருக்கின்றன. எல்லோரும் எடுத்து முடித்ததும் பிலிமின் நாக்கு டப்பிக்குள் போகும்வரை சுற்றிவிடுவார்கள். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல் என்று அர்த்தம். நான் மட்டும், கழுவும்போது இருட்டில் டப்பியை உடைக்கச் சோம்பல்பட்டு, நாக்கை வெளியே விட்டுவிட்டு நுனியை மடித்து வைப்பேன். அன்று மடிக்க மறந்துவிட்டேன். கேமரா வாங்க வந்த அண்ணன், "மேசைமேல இருக்கற ரோலையும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டபோது, உள்ளே இருந்தபடியே "எடுத்துக்கோ" என்றேன். எழுந்து வந்து பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டதற்காக இரண்டு வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே, அந்த வீம்புதான்.

பிலிம் மட்டமானது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். மனசு கேட்கவில்லை.

மீதி ரோல் இன்னும் கழுவாமல் இருக்கிறது. கெட்டுப்போனால் திரும்ப வராது. நீங்கள் சொன்னால்தான் தொடுவேன்.

மன்னிப்புக் கேட்கும்,
பூனை
(இருட்டறையிலேயே கிடப்பதால் அண்ணன் வைத்த பெயர்)

---

பிப்ரவரி 21

நாத்தனாருக்கு,

பொய் சொல்ல மாட்டேன், உன் கடிதத்தைப் படித்து அழுதேன். கோபமும் வந்தது. உன்மேல், அவர்மேல், அந்தப் பத்து நாளும் மரக்கட்டையாகக் கிடந்த என்மேல். உன் அண்ணன் "தப்பு என்னோடது, பாத்து எடுத்திருக்கணும்" என்று இரண்டு வேளை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தங்கையும் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம்.

கழுவு. ஒரே ஒரு நாள் தேறினாலும் போதும்.

அண்ணி

---

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சில நாள் பிலிமைத் தொடாமலே தள்ளிப்போட்டேன். ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சம் பட்ட பிலிம் சீக்கிரம் கறுத்துவிடும். அதனால் மருந்தில் தண்ணீர் கூட்டி, நேரத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவினேன். படங்களை அனுப்பியிருக்கிறேன்.

சோதனைக்கு நானே நாற்காலியில் சிலேட்டோடு உட்கார்ந்து எடுத்துக்கொள்வேன். ரொம்பக் குறைந்த வெளிச்சத்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போவேன். அதனால் முதல் நாலு நாளும் தப்பித்தன. சிலேட்டு எண் மட்டும் அங்கங்கே தெரியும். ஐந்திலிருந்து எட்டாம் நாள்வரை குழந்தைமேல் நானும் விழுந்திருக்கிறேன். எவ்வளவு முயன்றும் என்னை அழிக்க முடியவில்லை. ஒன்பதும் பத்தும் வெளிச்சம் மிதமிஞ்சிப் பிலிமில் முழுக்கக் கறுத்து, படத்தில் வெறும் வெள்ளை. அந்த இரண்டு நாளை நான்தான் தின்றுவிட்டேன், அண்ணி. கடைசி நாலு தடவை, வெளிச்சமே படாத பிலிம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, லென்ஸை மூடிவைத்து எடுப்பது எங்கள் வழக்கம். அந்த நாலிலும் பதினோராம் நாள் பளிச்சென்று விழுந்திருக்கிறது. கண்ணிமை மயிர்கூடத் தெரிகிறது.

உங்கள்,
பூனை

---

மார்ச் 10

என் பூனைக்கு,

படங்கள் வந்தன. கட்டிலில் வரிசையாகப் பரப்பி நாள் முழுக்கப் பார்த்தேன். முதல் நாளே முஷ்டியை மடக்கிக்கொண்டு என்ன முறைப்பு! இரண்டாம் நாள் ஒரு கண் மட்டும் திறந்திருக்கிறாள். மூன்றாம் நாள் யாரோ போட்டுவிட்ட குல்லாய் மூக்குவரை இறங்கியிருக்கிறது. நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியாததால் அதையே எழுதுகிறேன். நன்றி.

ஐந்தாம் நாள் படத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நீ அழிக்கப் பார்த்தாயே, அந்தப் படம். நாற்காலியில் நீ, உன் மடியில் அவள். சிலேட்டைப் பிடித்த உன் கை அவள் முதுகைத் தாங்குகிறது. ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள், எல்லாவற்றிலும் நீ குனிந்து அவளைத்தான் பார்க்கிறாய். நான் இல்லாத நாட்களில் என் பிள்ளையை மடியில் ஏந்த ஒருத்தியும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். நீ ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றும்தான். உன் அண்ணன் பக்கத்தில் நின்று, "அவ அங்க எங்க இருந்தா? வீட்ல மூஞ்சியத் தூக்கிட்டில்ல இருந்தா" என்றார். "வாய மூடுங்க, படத்துல இருக்காளே" என்றேன்.

வெள்ளையான இரண்டு நாளைப் பற்றி வருத்தப்படாதே. அவற்றையும் ஆல்பத்தில் ஒட்டிவிட்டேன். அந்த இரண்டு நாளும் எனக்கு அப்படித்தானே இருந்தன.

கடைசியில் பளிச்சென்று விழுந்த நாலு படத்தையும் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. பதினோராம் நாள் நான் விழித்துவிட்டேன். அவளை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அவளை இன்னும் நேரில் பார்க்காதவள் இந்தக் குடும்பத்தில் நீ ஒருத்திதான். படத்தைப் பார்த்துக்கொண்டே புறப்பட்டு வா.

உன்,
அண்ணி