நண்டுக்கும் மாதாவுக்கும் ஒரே பேட்டரி

கார்த்திகை 3, புதன்

இன்றும் கார்மேகம். சூரியத் தகடு இருந்தும் இல்லாத நிலை.

காலையில் மேரியின் அழைப்பு. பட்டினப்பாக்கம் கரையில் உயிர்நண்டு விற்பவள். மின் இணைப்பில்லாத அவள் கொட்டகைக்குத் தகடும் பேட்டரியும் அமைத்துக் கொடுத்தவள் நான்.

"யக்கா, தொட்டிக்கு காத்து ஊதற மோட்டார் நின்னு கீது. பாதி நண்டு அவுட்டு. உன் டப்பாதான் கட் பண்ணிச்சு!"

டப்பாவாம். மின்னேற்றச் சீராக்கி என எத்தனை முறை சொல்வது? வெயில் மிகுந்தால் பேட்டரி கொதிக்காமல் 14.4 வோல்ட்டில் தடுக்கும். நிறைந்தபின் மின்னேற்றத்தைத் தணித்து நிலையாக வைத்திருக்கும். 11.4க்கு இறங்கினால் பேட்டரி பாழாகாதிருக்க மோட்டாரைத் துண்டிக்கும். அது தன் கடமையைச் செய்தது. குற்றம் வேறெங்கோ.

ஞாயிறு ஒரு கல்யாண விருந்துக்கு நண்டு தர ஒப்புக்கொண்டிருக்கிறாளாம்.

ஆழ்வார்பேட்டையில் தைக்கக் கொடுத்த ரவிக்கை. வாங்க மீண்டும் மறந்தேன்.

கார்த்திகை 4, வியாழன்

தூறல். நேரில் சென்றேன். பேட்டரி நீர், சரி. முனைகள், சரி. பிறகு கண்டேன்: பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் வெளியே மாதா கெபிக்கு, சிலை வைத்த சிறு கற்குகைக்கு. அங்கே பெரிய ஃபோகஸ் விளக்கு. இரவும் பகலும்.

"இது என்ன, மேரி?"

"வேண்டுதல். எம்புள்ள அந்தோணி காசிமேட்டு போட்ல மீன் புடிக்க போய்க்கீறான். சனிக்கெழம வந்துருவான். புள்ள கரை ஏர்ற வரைக்கும் அணையக்கூடாது."

"மோட்டாரைவிட இதுதான் அதிகம் இழுக்கிறது. சிறிய பல்பு போதுமே."

"மாதாவுக்கு நைட் லேம்ப்பா? இன்னாக்கா பேசற?"

வலை பிரித்துக்கொண்டிருந்த அவள் கணவர் சிரித்தார். "அவகிட்ட வாய குடுத்து ஜெயிச்சவன் இந்தக் குப்பத்துலயே கெடயாது."

சரிப்படாவிடில் கே.கே. நகரில் சூரியத் தகடு விற்கும் கடைக்காரரை அழைப்பாளாம். அவரிடம் மின்னியல் படித்த பட்டயம் உண்டு. என்னிடம், பழைய கருவிகளைப் பிரித்துப் பிரித்துப் பெற்ற கல்வி. உண்ணப் பிடிக்கவில்லை.

கார்த்திகை 6, சனி

மேகம் விலகவில்லை. ரிச்சி தெரு மின்பொருள் கடையில், மின்னழுத்தம் குறைந்தால் துண்டிக்கும் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று கிடைத்தது. விளக்கின் வயரில் மட்டும் பொருத்தினேன். பேட்டரி 12.0க்கு இறங்கியதும் விளக்கு அணையும். மோட்டார் 11.4 வரை ஓடும்.

புது நண்டுகளைத் தொட்டியில் விட்டபடி மேரி, "அது இன்னா?"

"பாதுகாப்புக் கருவி."

பொய்யன்று. முழு உண்மையுமன்று.

அந்தோணி இன்னும் வரவில்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

விடிந்ததும் ஓடினேன். மோட்டார் ஓடுகிறது. நண்டுகள் கொடுக்கு உயர்த்திச் சண்டை. கெபியில் இருட்டு.

மேரி நண்டுகளைக் கட்டி விருந்து வீட்டு வண்டியில் ஏற்றினாள். அனைத்தும் உயிரோடு. பிறகு திரும்பினாள்.

"நீதான அணைச்ச?"

"சீராக்கியின் மின்னழுத்தம்..."

"டப்பாவ கேக்கல. உன்ன கேக்கறேன்."

"நான்தான்."

"இன்னும் போட் வர்ல."

"காத்து திரும்பிடுச்சுடி, அதான் லேட்டு," என்றார் கணவர். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"வந்துருவான்," என்றாள் என்னிடம். "வர்லன்னா உன்னதான் கேப்பேன்."

நண்பகல். வெயில் வந்துவிட்டது. 13.1, ஏறுகிறது. விளக்கு தானாகவே மீண்டும் எரிகிறது. விளக்கிற்கும் படகிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அறிவேன். பட்டயக்காரரும் அதையே சொல்வார்.

வேலை முடிந்தது. பை தோளில். கரையை விட்டுப் போக இயலவில்லை.