எலுமிச்சைச் செடிக்கு மருந்தடிக்க வேண்டாம்

அன்புமிகு அம்மாவுக்கு,

இறையருளால் நலம். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

"இது மனுஷங்க இருக்கற வீடா, புழு மேயற வீடாடி?" என்று கடிந்துகொண்டே சிறுவயதில் நான் வளர்த்த புழுக்களுக்குத் தாங்கள் எலுமிச்சை இலை பறித்துத் தந்ததால்தான், அறுபத்து மூன்று வயதிலும் பூச்சிகளை ஆராயும் பணியில் இருக்கிறேன்.

நேற்று ஒரு வண்டின் காலில் ஆறு முட்கள் என்று எழுதினேன். நுண்ணோக்கியில் பார்த்த உதவியாளர், "எட்டு இருக்கே மேடம், ரெண்டை சாமிக்குக் காணிக்கை போட்டுட்டீங்களா?" என்றார். சிரித்தேன். மும்முறை எண்ணியும் எனக்கு ஆறுதான் தெரிந்தது. படைத்தவன் எட்டு வைத்திருக்க, ஆறெனச் சான்றெழுத மனம் ஒப்பவில்லை. இன்று பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். கவலைப்பட வேண்டாம்.

எலுமிச்சைச் செடியில் புழு வந்திருப்பதாகத் தம்பி சொன்னான். மருந்தடிக்க விடாதீர்கள். அவை சிறகு விரிப்பதற்குள் வந்துவிடுவேன். வண்ணத்துப்பூச்சியைக் காணுமளவுக்கு இன்னும் பார்வை இருக்கிறது.

தங்கள் மூத்தவள்